குடிக்காதவர்களுக்குத் திராட்சைத் தோட்ட ஊரில் என்ன இருக்கிறது? மார்கரெட் ரிவர் போய் வந்தவர்கள், அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்

பயான்பாரு_வாத்தியார் | பினாங்கு

வணக்கம். நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். மகள் ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் குடும்பத்தோடு இருக்கிறாள். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் மருமகன் எங்களைக் காடியில் ஏற்றிக்கொண்டு தெற்கே மூன்று மணி நேரம் ஓட்டி, மார்கரெட் ரிவரில் தங்க வைப்பார். போகிற வழியில் மாட்டுப் பண்ணைகள். அப்புறம் திராட்சைத் தோட்டம். அது முடிந்தால் காடு, காடு முடிந்தால் கடல்.

வீட்டுக்காரம்மாவுக்கு அந்த ஊர் ரொம்பப் பிடித்துவிட்டது. வருஷத்தில் பாதி நாள் அங்கே சின்னதாக ஒரு வீடு எடுத்து இருக்கலாம் என்று இப்போது பிடிவாதமாக நிற்கிறார். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டு விஷயம் யோசிக்க வைக்கிறது.

ஒன்று, நாங்கள் இருவருமே குடிப்பதில்லை. ஒயினை நம்பிப் பிழைக்கிற ஊரில் எங்களுக்கு என்ன இருக்கிறது? அப்படியும் ஏன் அந்த இடம் இப்படி இழுக்கிறது என்று எனக்கே புரியவில்லை. இரண்டு, விடுமுறையில் பார்த்த ஊர் வேறு, குடியிருக்கும் ஊர் வேறு. கேமரன் மலை நமக்கெல்லாம் பிடிக்கும், ஆனால் அங்கேயே போய் இருந்தவர்கள் எத்தனை பேர்?

பணத்தைப் பற்றி மகள் கவலைப்பட வேண்டாம் என்கிறாள். ஊர் எங்களுக்கு ஒத்து வருமா என்பதுதான் என் கேள்வி.

செந்தூல்_குணா | கோலாலம்பூர்

வணக்கம் ஐயா. நான் ஒயின் குடிப்பவன், அதைப் பற்றித் தேடிப் படிப்பவனும்கூட. இருந்தாலும் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் பாட்டிலுக்குள் இல்லை என்பேன். அந்த ஊர் எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று தெரிந்தால், ஏன் இழுக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

1960-கள் வரை அது வசதி இல்லாத வட்டாரம். மரம் வெட்டுவதும் பால் மாடும்தான் பிழைப்பு. 1920-களில் இங்கிலாந்திலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து, காட்டை அழித்துப் பால் பண்ணை போடச் சொன்னார்கள். பல குடும்பங்கள் கடனில் மூழ்கி, பண்ணையை அப்படியே விட்டுவிட்டுப் போயின. அப்புறம் 1965, 66 வாக்கில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் ஆராய்ச்சியாளர் அந்தப் பகுதியின் மழை, வெயில் கணக்கையெல்லாம் பார்த்து, பிரான்சின் போர்டோ வட்டாரத்தோடு ஒத்துப்போகிறது, திராட்சை நன்றாக வரும் என்று எழுதினார். மூன்று பக்கம் கடல் இருப்பதால் கடுங்குளிர் கிடையாது. மழை பெரும்பாலும் குளிர்காலத்தில் பெய்து முடிந்துவிடும். பழம் பழுக்கும் கோடையில் வறண்ட வெயிலும் கடல் காற்றும்.

அதை நம்பி 1967-இல் டாம் கல்லிட்டி என்ற பெர்த் இருதய மருத்துவர் நிலம் வாங்கிக் கொடி நட்டார். அதுதான் வாஸ் ஃபீலிக்ஸ். அடுத்து 1969-இல் மாஸ் வுட், 1971-இல் கல்லன். இவற்றைத் தொடங்கியவர்களும் மருத்துவர்களே. கல்லிட்டி வாரக் கடைசியில் பெர்த்திலிருந்து ஓட்டி வந்து வேலை பார்த்திருக்கிறார். முதல் விளைச்சலைக் குருவிகள் தின்று தீர்த்தன. குருவியை விரட்ட ஒரு வல்லூறை வரவழைத்துப் பறக்கவிட்டார். அது மரத்துப் பக்கம் போனதுதான், திரும்பவே இல்லை. இன்றைக்கும் அவர்கள் பாட்டிலில் அந்த வல்லூறு படம் இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆஸ்திரேலியாவில் விளையும் திராட்சையில் நூற்றுக்கு மூன்று பங்குகூட அங்கே விளைவதில்லை. ஆனால் உயர்தர ஒயினில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தங்களுடையது என்று அந்தத் தொழில்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். கொஞ்சமாக விளைவித்து நல்ல விலைக்கு விற்கிற ஊர் என்றால், ஒவ்வொரு ஏக்கரையும் பார்த்துப் பார்த்துத்தான் வைக்க முடியும். வாங்க வருகிறவன் தோட்டத்தையும் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறான். நீங்கள் கண்ட அழகு அப்படி வந்தது.

தேவி_எஸ்பி | பெட்டாலிங் ஜெயா, சொந்த ஊர் சுங்கைப்பட்டாணி

குணா சொன்னது தோட்டம் போட்டவர்களின் கதை. நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நான் பிறந்தது சுங்கைப்பட்டாணி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அம்மா பால் மரம் சீவியவர். விடியுமுன் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். தோட்டம் கைமாறி, நாங்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்து, நாங்கள் தாமான் வீட்டுக்கு வந்து பல வருஷம் ஆகிறது. தம்பி பெர்த்தில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவையும் மார்கரெட் ரிவருக்குக் கூட்டிப்போனோம். குளிர்காலம். கொடியில் ஒரு இலைகூட இல்லை. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்குச் சப்பென்று இருந்தது.

ஆனால் அம்மா அந்தத் தோட்டத்து வேலியை விட்டு நகரவில்லை. உள்ளே ஒருவர் கொடி கவாத்து செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கொடி முன்னாலும் கொஞ்ச நேரம் நிற்பார். எந்தக் கிளையை வைப்பது, எதை எடுப்பது என்று பார்ப்பார். அப்புறம் கத்தரியை வைத்து, இரண்டு கணு மட்டும் விட்டு வெட்டுவார். போன வருஷத்து நீளக் கொடிகளைக் கம்பியிலிருந்து உருவி நிரைக்கு நடுவில் போடுவார். அடுத்த கொடி. அம்மா என்னிடம், "மரத்தைப் பார்த்து வெட்டுறான்மா" என்றார். அவருக்குத் தெரியும். பால் மரத்திலும் உளி பட்டையோடு நிற்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போய் மரத்தில் பட்டுவிட்டால் அந்த இடம் முண்டு கட்டிவிடும், மறுபடி சீவப் பட்டை சரியாக வராது. அதைக் கங்காணி வந்து பார்த்துத் திட்டுவார். நன்றாகச் சீவின நாளில் நல்லது என்று யாரும் சொன்னதில்லை.

அந்த மனிதர் எங்களைப் பார்த்துவிட்டு வேலிக்கு வந்தார். தம்பி மொழிபெயர்க்க, அம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். கொடிக்கு என்ன வயது, ஒரு நாளைக்கு எத்தனை கொடி முடிப்பீர்கள், கூலி கொடிக்கா நாளுக்கா. அம்மாவும் தன் வேலையைச் சொன்னார். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

வாத்தியார் ஐயா, எனக்கு அந்த ஊர் பிடித்ததற்குக் காரணம் இதுதான். நிலத்தில் செய்கிற வேலை ஊருக்கு முன்னால் நடக்கிறது. அதைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், மதிப்போடு கேட்கிறார்கள். நம் தோட்டங்களும் பச்சைதான், நிரை பிடித்த அழகும் இருந்தது. ஆனால் அங்கே யாரும் வந்து உட்கார்ந்து ரசித்ததில்லை. வேலை செய்தவர்களுக்கு அந்த நிலம் ஒரு நாளும் சொந்தமாக இருந்ததும் இல்லை. குடிக்காதவருக்கும் அந்த ஊரில் பார்க்க நிறைய இருக்கிறது என்பது என் எண்ணம்.

பட்டர்வொர்த்_சேகர்

தேவி அக்கா எழுதியதைப் படித்து மனசு கனத்துவிட்டது. என் அப்பத்தாவும் பால் மரம் சீவியவர்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் ஆட்களுக்கும் தோட்டத்து மதுவுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்து, கொடுத்த கூலியை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதை எதிர்த்துக் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. 1947-இல் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்து, போலீசோடு மோதலாகி, எத்தனையோ பேர் சிறைக்குப் போனார்கள். அங்கிருந்த ஹார்வர்ட் ரப்பர் தோட்டத்துப் பெயர் வரலாற்றில் வருவது அதனால்தான். என் குடும்பத்தில் இரண்டு தலைமுறை ஆண்களைக் குடி கொண்டுபோயிருக்கிறது. ஒயின் ஊர், அழகு, கலாச்சாரம் என்று கேட்கும்போது என்னால் முழு மனசோடு தலையாட்ட முடியவில்லை. கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினாலும் மது மதுதான்.

யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. பேரப்பிள்ளைகள் அந்தச் சூழலில் வளர்வதையும் யோசியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

தேவி_எஸ்பி

சேகர் தம்பி, நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையையும் மறுக்க மாட்டேன். எங்கள் லயத்திலும் சம்பள நாள் இரவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கள்ளுக்கடையில் குடித்தவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. அந்தக் கடையை அங்கே வைத்தவனுக்கு அது தெரிந்தே இருந்தது. மார்கரெட் ரிவரில் மது இருக்கிறது, அந்தக் கட்டாயம் இல்லை. எனக்கு அந்த வித்தியாசம் பெரிது. ஆனால் வீட்டில் குடியால் அடிபட்டவர்கள் அந்தப் பக்கமே வேண்டாம் என்றால் அதுவும் நியாயம்தான்.

பஸல்டன்_மீனா | முன்பு கிள்ளான்

நான் மார்கரெட் ரிவரிலிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டர் தள்ளி பஸல்டனில் இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் தாதி வேலை. வாரக் கடைசியில் பாதி நேரம் அந்தப் பக்கம்தான். ஐயாவின் இரண்டாவது கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பெர்த்துக்கும் நம் நாட்டுக்கும் ஒரே நேரம். பினாங்கில் அக்கா சாயங்காலம் டீ போடும்போது நானும் போடுவேன், போனில் பேசிக்கொண்டே குடிப்போம். கோலாலம்பூரிலிருந்து ஐந்தரை மணி நேரத்தில் விமானம் வந்துவிடும். காடியை நம் ஊர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டவேண்டும். குடிக்காதவர்களுக்கு இங்கே பொழுது போகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பஸல்டனில் 1,841 மீட்டர் நீளத்துக்கு மரத்தூண் மேல் கட்டிய பாலம் கடலுக்குள் போகிறது. வயதானவர்களுக்காக அதன்மேல் சின்ன ரயில் ஓடும். தெற்கே போரனப் காடு. காரி மரங்கள் 60 மீட்டர் உயரம் நிற்கும், பட்டை வெளுத்து வழவழப்பாக இருக்கும். அந்தக் காட்டை ஒரு காலத்தில் மொத்தமாக வெட்டி ஏற்றுமதி செய்தார்கள். லண்டன் தெருக்களுக்குத் தளம் போடக்கூட இந்தப் பக்கத்து மரம் போயிருக்கிறது. இப்போது நிற்பது அதற்குப் பிறகு தானாக வளர்ந்தது. இன்னும் கீழே போனால் கேப் லூவின், 1895-இல் கட்டத் தொடங்கிய கலங்கரை விளக்கம். இந்துமாக்கடலும் தென்மாக்கடலும் அங்கே சேர்கின்றன என்பார்கள். ஜூன் மாதம் கரையில் நின்றாலே திமிங்கிலம் தெரியும்.

தோட்டங்களுக்குப் போனால் குடித்தே ஆக வேண்டும் என்பது கிடையாது. எங்கள் வீட்டில் அவர் மட்டும் ருசி பார்ப்பார். நானும் பிள்ளைகளும் புல்தரையில் உட்கார்ந்திருப்போம். ருசி பார்க்கிறவர்களிலும் பலர் வாயில் வைத்துவிட்டுப் பக்கத்துக் குடுவையில் துப்பிவிடுவார்கள், அதை யாரும் தவறாக நினைப்பதில்லை. காடி ஓட்டுகிறவர் ரத்தத்தில் மது இருக்கலாம் என்ற எல்லை 0.05 சதவீதம். 2020-க்குப் பிறகு மலேசியாவிலும் அதே அளவுதான். இங்கே சாலையில் நிறுத்திச் சோதிப்பது அடிக்கடி நடக்கும்.

இனி கஷ்டம். மாலை இருட்டும் நேரத்தில் காடி ஓட்டாதீர்கள். கங்காரு குறுக்கே பாயும், மோதினால் வண்டியும் போகும், ஆளும் போகலாம். வாடகைக் காடி கொடுப்பவர்கள் பலர் ஊருக்கு வெளியே ராத்திரி ஓட்ட விடமாட்டார்கள். குளிர்காலத்தில் கடைகள் சீக்கிரம் அடைத்துவிடும். ராத்திரி பத்து மணிக்கு ரொட்டி சானாய் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அது முதல் வருஷம் பெரிய வேதனை, அழுதே இருக்கிறேன். வாடகைக்கு வீடு கிடைப்பது கஷ்டம். வீடுகளை விடுமுறைக்காரர்களுக்கு நாள் கணக்கில் விடுகிறார்கள். உணவகத்திலும் தோட்டத்திலும் வேலை செய்யும் பிள்ளைகள் தங்க இடமில்லாமல் தூரத்திலிருந்து ஓட்டி வருகிறார்கள்.

அப்புறம் தீ. நவம்பர் 2011-இல், கோடைக்கு முன்பு காய்ந்த புதரைக் குறைக்கத் திட்டமிட்டு வைத்த தீ காற்றில் கைமீறி, மார்கரெட் ரிவர் பக்கம் முப்பதுக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. வால்கிளிஃப் ஹவுஸ் என்ற பழைய மாளிகையும் போனது. உயிர்ச்சேதம் இல்லை. நல்ல வேளை. வீடு எடுத்தால் கூரைத் தாழ்வாரத்தில் இலை சேரவிடாமல் பார்ப்பது, தீ எச்சரிக்கை வந்தால் எந்தச் சாலையில் வெளியேறுவது, இதெல்லாம் கோடைக்கு முன்பே பேசி வைக்க வேண்டும். காட்டை ஒட்டிய வீடு பார்க்க அழகுதான். ஐயா அம்மா வயதுக்கு ஊருக்குள் எடுப்பதே நல்லது.

மருத்துவமனை மார்கரெட் ரிவரில் சின்னதாக ஒன்று இருக்கிறது, பஸல்டனில் அதைவிடப் பெரியது, அடுத்து பன்பெரி. இருதயம், புற்றுநோய் என்று சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் பெர்த்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். கோயிலும் அப்படியே. பால முருகன் கோயில் பெர்த்தின் தெற்குப் புறநகர் மண்டோகாலுப்பில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு விடியுமுன் கிளம்பிப் போவோம்.

பயான்பாரு_வாத்தியார்

மீனாம்மா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. தீ பற்றி மருமகன்கூடச் சொன்னதில்லை. தேவியம்மாவின் தாயார் கதையை வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் மனைவியின் பெற்றோரும் தோட்டத்துக்காரர்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

சேகர் தம்பி, உங்கள் எச்சரிக்கையை மனதில் வைத்துக்கொள்கிறேன். பேரனிடம் இதைப் பேச வேண்டிய வயது வந்துவிட்டது.

பாலிக்பூலாவ்_மாறன் | பினாங்கு

ஐயா, நீங்கள் பினாங்கில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதால் எழுதுகிறேன். தீவின் மறுபக்கம் நம் பாலிக் பூலாவில் இதே வாழ்க்கை இருக்கிறது. நான் ஒரு டுரியான் தோட்டத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். மே கடைசியில் தொடங்கி ஜூலை வரை சீசன். மலைச்சரிவில் மரத்துக்குக் கீழே வலை கட்டியிருப்போம். பழத்தை யாரும் பறிப்பதில்லை. அதுவே பழுத்து விழ வேண்டும், விழுந்த அன்றே சாப்பிட வேண்டும். வருகிறவர்களை உட்கார வைத்து ஒவ்வொரு பழமாக வெட்டிக் கொடுப்போம். இனிப்புப் பழம் முதலில், கசப்புப் பழம் கடைசியில். நாக்கு அப்போதுதான் எடுத்துக்கொள்ளும். ஹோர் லோர், அங் ஹே, குன் போ என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் கதையும் உண்டு. அங் ஹே அரசாங்கப் பதிவில் டி175. எல்லாருக்கும் தெரிந்த முசாங் கிங் டி197. வயதான மரத்துப் பழத்தில் கசப்பும் மணமும் கூடும் என்று முதலாளி சொல்வார். அதே ரகம், அதே தோட்டம், மேட்டில் நிற்கிற மரத்துக்கும் பள்ளத்தில் நிற்கிற மரத்துக்கும் ருசி வேறு. இங்கே வேலைக்கு வந்தபிறகுதான் அது எனக்கே பிடிபட்டது.

ஒயின்காரர்கள் மண்ணையும் சரிவையும் பற்றிப் பேசுவதெல்லாம் இதுதானே. பெந்தோங் பக்கம் புக்கிட் திங்கியில் பிரான்சின் கோல்மார் ஊரை மாதிரி வைத்துக் கட்டிய ஒரு கிராமம் இருக்கிறது, பலரும் போய்ப் படம் எடுத்திருப்பீர்கள். அசல் கோல்மார் அல்சாஸ் வட்டாரத்தின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஊர். 1953-இல் அங்கே ஒயின் சாலை என்றே ஒரு வழித்தடம் ஏற்படுத்தினார்கள், 170 கிலோமீட்டர். கட்டடத்தை இங்கே கட்டிவிடலாம். சுற்றி இருக்கும் உழவர்களை எப்படிக் கொண்டுவருவது? அந்த ஊருக்கு உயிர் கொடுப்பது அவர்கள்தானே.

பாலிக் பூலாவில் உழவர் இருக்கிறார்கள், ஆனால் போய்க்கொண்டே இருக்கிறார்கள். வயல் பக்கம் அடுக்குமாடி வந்துவிட்டது. பினாங்கில் 76 மீட்டருக்கு மேல் மலை நிலத்தில் கட்டக் கூடாது என்று விதி இருந்தும், விலக்கு வாங்கிக் கட்டுவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நவம்பர் 2017 வெள்ளத்தை மறக்க முடியுமா? ஐயா, நீங்கள் ஆஸ்திரேலியா போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்த ஜூனில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மலை ஏறி இங்கேயும் வாருங்கள். நாம் வந்து பார்த்து வாங்கினால்தான் இந்தத் தோட்டம் தோட்டமாக இருக்கும்.

செந்தூல்_குணா

மாறன் சொன்னதை வைத்து ஒன்று. மார்கரெட் ரிவரும் தானாக அழகாக இருந்துவிடவில்லை. 2010-இல் ஊரிலிருந்து 15 கிலோமீட்டர் தூரத்தில் நிலக்கரிச் சுரங்கம் தோண்ட ஒரு திட்டம் வந்தது. ஊரே எதிர்த்தது. ஒயின் தயாரிப்பவர், அலைச்சறுக்கு ஆடுபவர், பால் பண்ணைக்காரர், கடைக்காரர் எல்லாரும். நிலத்தடி நீர் கெட்டால் எல்லாம் போய்விடும் என்று வாதாடினார்கள். சுற்றுச்சூழல் ஆணையம் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 2012-இல் மாநில அரசு திட்டத்தை மறுத்துவிட்டது. கரையோரம் வடக்கே கேப் நேச்சுரலிஸ்ட், தெற்கே கேப் லூவின் என்ற இரண்டு முனைகளுக்கும் நடுவே தேசியப் பூங்கா இருப்பதால்தான் 125 கிலோமீட்டர் அளவுக்குக் கடலை ஒட்டி நடக்கப் பாதை இருக்கிறது, பங்களா வரிசை இல்லை.

ஊர்க்காரர்கள் அத்தனை பேரின் பிழைப்பும் அந்த நிலத்தின் அழகைச் சார்ந்து இருந்தது, அதனால் அழகைக் காக்க எல்லாரும் வந்தார்கள். பினாங்கிலும் கேமரன் மலையிலும் நமக்கு இல்லாதது அதுதான் என்று நான் நினைக்கிறேன். கேமரன் மலையில் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கனகா_கேஎல்

விசா பற்றி யாரும் சொல்லவில்லையே. என் அம்மாவுக்காக இதையெல்லாம் அலசியிருக்கிறேன். நாம் வழக்கமாக எடுக்கும் மின்னணு அனுமதியில் ஒரு வருகைக்கு மூன்று மாதம் வரைதான் இருக்கலாம். வருஷத்தில் பாதி என்று திரும்பத் திரும்பப் போய் வந்தால், குடிநுழைவு அதிகாரி கேள்வி கேட்பார். பிள்ளை அங்கே நிரந்தரவாசியாகவோ குடிமகனாகவோ இருந்தால், 870 என்ற தற்காலிகப் பெற்றோர் விசா இருக்கிறது. மூன்று அல்லது ஐந்து வருஷம் எடுக்கலாம், மொத்தத்தில் பத்து வருஷத்துக்கு மேல் கிடையாது. பிள்ளை முதலில் ஆதரவாளராக அனுமதி வாங்க வேண்டும், கட்டணம் பல ஆயிரம் டாலர், அந்த விசாவில் வேலை செய்ய முடியாது. நிரந்தரப் பெற்றோர் விசாவுக்கு வரிசை ரொம்ப நீளம். மருத்துவக் காப்புறுதியைத் தள்ளிப்போடாதீர்கள் ஐயா, முதலில் அதைப் பாருங்கள்.

நிபோங்_திபால்_அஜய்

அண்ணே அக்கா எல்லாரும், எனக்கு 24 வயது. திராட்சை பறிக்க ஆள் எடுக்கிறார்கள், சுற்றுலா அனுமதியில் வந்தாலே போதும், நல்ல சம்பளம் என்று ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். உண்மையா?

பஸல்டன்_மீனா

தம்பி, வேண்டவே வேண்டாம். சுற்றுலா அனுமதியில் வேலை செய்வது சட்டவிரோதம். அப்படி வந்த நம் நாட்டுப் பிள்ளைகளிடம் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்ட கதைகளை நான் நேரில் கேட்டிருக்கிறேன். புகார் கொடுக்கவும் பயந்துகொண்டு இருந்தார்கள். நேர்வழி இருக்கிறது. 462 என்ற வேலை விடுமுறை விசாவுக்கு மலேசியர்கள் 18 முதல் 30 வயதுக்குள் விண்ணப்பிக்கலாம். படிப்பு, ஆங்கிலத் தேர்வு என்று நிபந்தனைகள் உண்டு, இடமும் குறைவு. அரசாங்க இணையத்தளத்தில் நீயே பார், ஏஜெண்ட் தேவையில்லை.

வேலையும் லேசானது இல்லை. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அறுவடை. வெயில் ஏறுமுன் தொடங்கிவிடுவார்கள். குனிந்து கத்தரித்து வாளியில் போட வேண்டும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். பழத்தின் சக்கரையை அளந்து பார்த்து, நாளைக்கு இந்த நிரை என்று முந்தைய நாள்தான் சொல்வார்கள். குருவிக்காகப் போட்ட வலையைத் தூக்கிச் சுருட்டிவிட்டுத்தான் பறிக்க முடியும். மாரி என்ற காட்டு மரம் நன்றாகப் பூத்த வருஷம் குருவி தேனுக்குப் போய்விடும், திராட்சை தப்பிக்கும். பூக்காத வருஷம் வலைக்குள்ளும் எப்படியாவது புகுந்துவிடும். அதனால் ஜனவரி முடிவிலேயே தோட்டக்காரர்கள் அண்ணாந்து மாரி மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

நிபோங்_திபால்_அஜய்

நன்றிக்கா. ஏஜெண்ட் நம்பரை அழித்துவிட்டேன்.

பட்டர்வொர்த்_சேகர்

நல்ல முடிவு தம்பி.

பயான்பாரு_வாத்தியார்

எல்லாரும் சொன்னதை வைத்து நேற்று இரவு நாங்கள் இருவரும் பேசினோம். வீடு வாங்குவதோ பாதி வருஷம் போய் இருப்பதோ இப்போது வேண்டாம். சாதாரண அனுமதியிலேயே போய், அந்த ஊரின் கஷ்ட காலமான குளிர்காலத்தில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பார்ப்போம் என்று முடிவு. அப்போதும் பிடித்திருந்தால் மகளிடம் 870 பற்றிப் பேசுகிறோம். தேவியம்மா சொன்ன கவாத்து வேலையைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்காரம்மா கேட்கிறார்.

மாறன் தம்பி, ஜூன் இரண்டாம் வாரம் பாலிக் பூலாவுக்கு வருகிறோம். முட்டி வலி இருக்கிறது. மரம் வரைக்கும் வண்டி வருமா?

மீனாம்மா, ஜூலையில் எந்த ஊரில் வீடு தேடலாம்? சமையல் சாமான் இங்கிருந்து எடுத்து வரலாமா?

பாலிக்பூலாவ்_மாறன்

எங்கள் நாலு சக்கர வண்டி கீழிருந்து தோட்டம் வரை ஏறும் ஐயா. காலையிலேயே வாருங்கள், இரவில் விழுந்த பழம் அப்போதுதான் பொறுக்கி வந்திருக்கும்.

பஸல்டன்_மீனா

ஜூலை கவாத்துக்குச் சரியான மாதம் ஐயா. கவராமப்பில் தேடிப் பாருங்கள். சின்ன ஊர், கடைத்தெருவில் ஆளுயர மாட்டுச் சிலைகள் நிற்கும், பேரப்பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தோட்டங்கள் அங்கிருந்து பக்கம், மார்கரெட் ரிவர் மருத்துவமனையும் பத்துப் பதினைந்து நிமிஷம்தான். வீட்டில் விறகு அடுப்பு இருக்கிறதா, விறகு அவர்கள் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், குளிர் எலும்புக்குள் போகும். மசாலாத் தூளும் ஊறுகாயும் கொண்டு வந்தால் அட்டையில் எழுதி அறிவித்துவிடுங்கள். கறிவேப்பிலை, விதை, பழம் எதுவும் வேண்டாம், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள், அபராதமும் போடுவார்கள். கறிவேப்பிலைச் செடி என் வீட்டிலேயே தொட்டியில் இருக்கிறது. வரும் வழியில் பஸல்டனில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.